மூணு மணிக்கு விழித்தால் திரும்பத் தூக்கம் வரவில்லை

முதலில் 9 மணிக்கே படுப்பதை நிறுத்துங்கள். மூன்று மணிக்கு விழிப்பதை ஈடுகட்டத்தான் சீக்கிரம் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சிக்கலே அதுதான். உங்கள் உடம்புக்கு ஆறு மணி நேரத் தூக்கம்தான் வருகிறது என்றால், 9 மணிக்குப் படுத்தவருக்கு 3 மணிக்கு விழிப்பு வருவது கணக்குப்படி சரியே. மீதி நேரம் புரண்டு புரண்டு, படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. 11 மணிக்குப் படுங்கள். எப்படித் தூங்கியிருந்தாலும் 5.30க்கு எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். பகல் தூக்கம் வேண்டாம்.

2. விழித்துச் சுமார் 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கிய பிறகுதான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். "இன்னும் இரண்டு மணி நேரம்தானே" என்ற கணக்குதான் மிச்சத் தூக்கத்தையும் கெடுக்கிறது. போன் கையில் வேண்டவே வேண்டாம்.

3. மதியத்துக்குப் பிறகு காபி, டீ கூடாது.

முதல் வாரம் பகலில் அசதி கூடும். அதனால் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள், ஆனால் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள்.

வலிப்பு, இருமுனை மனநிலைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் 'பைபோலார்' நோய்) இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது. பலத்த குறட்டை, எதிலும் பிடிப்பில்லாமை, வாழ வேண்டாம் என்ற எண்ணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இரண்டு வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது என்றால் இன்றைக்கே.