மியூனிக்கில் இரவு ஏழரைக்கு ஒரு பொரியல்

தம்பி, ‘மேற்படிப்புக்கு மியூனிக் வந்திருக்கிறேன், ஆய்வகம் முடிந்து அறைக்கு வர ஏழரை ஆகிறது, தினமும் ரொட்டியும் தயிரும்தான், சீக்கிரமாக ஒரு காய் வதக்க வழி சொல்லுங்கள் அண்ணா’ என்று கேட்டிருந்தீர்கள். கூடவே காப்பீடு, சைக்கிள் என்று வேறு கேள்விகளும். காப்பீட்டைப் பல்கலைக்கழகத்திலேயே சொல்லிவிடுவார்கள். சைக்கிள் வாங்கிவிடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

முதலில் கடை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். பெர்லினில் இருக்கும் நண்பர்கள் பத்து மணி வரை வாங்கலாம் என்பார்கள். இங்கே அது நடக்காது. அதனால் சீக்கிரம் வாடாத முட்டைக்கோஸ், கேரட், லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) எப்போதும் வீட்டில் இருக்கட்டும், ஃப்ரீசரில் ஒரு பை பீன்ஸும். முட்டைக்கோஸில் கூம்பாக இருக்கும் ‘ஸ்பிட்ஸ்கோல்’ எடுங்கள். உருண்டைக் கோஸை விட இலை மெல்லியது, சட்டென்று வதங்கும். பச்சை பீன்ஸ் வாங்கினால் முழுதாக வேக விடுங்கள். அரைவேக்காட்டு பீன்ஸில் ஒரு நச்சுப் புரதம் மிச்சமிருக்கும், வயிற்றைப் புரட்டிவிடும். ஃப்ரீசர் பீன்ஸைக் கொதிநீரில் போட்டெடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள், அதனால் சீக்கிரம் வெந்துவிடும். பனி உருகும்வரை காத்திருக்காமல் அப்படியே சட்டியில் போடலாம், தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

அடுத்து அடுப்பு. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய இருப்புச்சட்டியின் அடி உருண்டையாக இருந்தால் இந்தக் கண்ணாடி அடுப்பில் உட்காராது. தட்டையான கனத்த அடி வேண்டும். இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். சாதாரண மின் அடுப்பு மெதுவாகத்தான் சூடேறும், குறைத்தாலும் உடனே தணியாது. கடுகு வெடித்ததும் குமிழைத் திருப்பிவிட்டு நின்றால் உளுத்தம்பருப்பு கருகிவிடும். சட்டியையே தூக்கிப் பக்கத்தில் வையுங்கள், அப்புறம் காயைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள். சட்டி நிறைய அள்ளிக் கொட்டினால் சூடு விழுந்து, காய் தண்ணீர் விட்டு அவிந்துபோகும்.

புகை விஷயத்தில் பயப்பட வேண்டாம். 2017 முடிவிலிருந்து பவேரியாவில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம்தான், ஆனால் அது படுக்கையறையிலும் அறைகளுக்குப் போகும் நடைவழியிலும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை அகலத் திறந்து தாளியுங்கள். வாசல் கதவை மட்டும் திறக்காதீர்கள், வாசனை படிக்கட்டு முழுக்க ஏறும்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் விடுதிப் பொதுச் சமையலறையில் யாரோ காகிதம் ஒட்டினார்கள், மசாலா நாற்றம் வேண்டாம் என்று. பக்கத்தில் பன்றிக்கறி பொரிவதற்குக் காகிதம் இல்லை. அதைவிட என்னை வருத்தியது நம் ஆட்கள்தான். எனக்கு முன்னால் வந்தவர்கள், ‘பேசாமல் ரொட்டிக்கு மாறிக்கொள், இங்கே இதெல்லாம் சரிவராது’ என்றார்கள். நான் மாறவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு தாளித்தேன். இன்றும் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்டா சமைத்து வெள்ளி வரை சூடுபண்ணிச் சாப்பிடுகிறார்கள். இன்னும் சிலர் வெண்டைக்காயும் கோவைக்காயும் கிடைத்தால்தான் சமையல் என்று நகரத்தின் அடுத்த முனை வரை போகிறார்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. இந்த மண்ணில் விளைவதை நம் தாளிப்பில் போட்டால் கால் மணி நேரத்தில் சுடச்சுடச் சாப்பாடு.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் தமிழ்க்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. கறிவேப்பிலை வாங்கப் போனவனிடம், ‘தம்பி, லீக்ஸ் வறை செய்து பாரும்’ என்றார். வறை என்றால் நம் பொரியல்தான். நம் ஊரில் நான் லீக்ஸைப் பார்த்ததே இல்லை. நீளவாக்கில் பிளந்து, மடிப்புகளில் இருக்கும் மண் போகக் கழுவி, பொடியாக அரிந்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் மஞ்சளும் உப்பும் போட்டு வதக்கினால் ஐந்தாறு நிமிடம், கடைசியில் தேங்காய்த் துருவல். உறைந்த தேங்காய்த் துருவல் அந்தக் கடைகளில் கிடைக்கும். மீந்த கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், மாதக்கணக்கில் இருக்கும். இப்படி ஒரு கடை வைத்து நம்மைக் காப்பாற்றியவர்கள் ஈழத்து மக்கள், அங்கே பேரம் பேசாதீர்கள்.

அப்புறம் நூல்கோல். இங்கே ‘கோல்ராபி’ என்று மூலைக்கு மூலை கிடைக்கும். சந்தையில் வாங்கினால் இலையை வெட்டி எறியட்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி இலையோடு வாங்கி வாருங்கள். அந்த இலையைப் பொடியாக நறுக்கி, ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் மறுநாளைக்குக் கீரை ஆயிற்று.