நெற்றாகும்வரை விடுங்கள்: செடி பீன்ஸ் கேள்வி பதில்

கொடைக்கானல் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ராஜ்மா வகைச் செடி பீன்ஸ் வளர்ப்பவனிடம் வந்த கேள்விகள் இவை.

மாடியில் ராஜ்மா பூத்தது; அத்தனை பூவும் கொட்டிவிட்டது. உரம் போதவில்லையா ஐயா? (மதுரை)

உரமல்ல, வெயில். 30 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்காது. கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்ததும் விதைத்துப் பாருங்கள். தை மாதக் குளிரில் காய் பிடிக்கும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் தழைக்கும். கோடையிலும் பயறு வேண்டுமென்றால் தட்டைப்பயறு போடுங்கள், அது வெயிலுக்கு அசராது.

எப்போது பறிப்பது? (குன்னூர்)

காய் வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரவேண்டும். அதுதான் நெற்று. மழை மிரட்டினால் செடியோடு பிடுங்கி, தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உரித்த பருப்பில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒருமுறை அவசரப்பட்டு டப்பாவில் அடைத்தேன். பத்தாம் நாள் திறந்தபோது வெள்ளைப் பூசணம், கூடவே புளித்த வாடை. ஒரு பருவத்து உழைப்பு குப்பைக்குழிக்குப் போனது.

வண்டு விழாமல் இருக்க?

நன்றாகக் காய்ந்ததை மூடிய டப்பாவோடு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் விட்டபின் திறந்தால்தான் பருப்பில் நீர் கோக்காது.

பச்சைப்பயறுபோல முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடலாமா? (கோவை)

கூடவே கூடாது. ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கில் தள்ளிவிடும். அரைவேக்காடு பச்சையைவிட மோசம். இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். பிறகு மெத்தென ஆகும்வரை வேகட்டும்.

ஆறு விசில் விட்டும் கல்லாக இருக்கிறதே?

கடையில் வாங்கியதா? பழைய சரக்காக இருக்கும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையும் காரணமாகலாம். தக்காளியும் புளியும் முதலிலேயே போட்டிருந்தால் அதுதான் குற்றவாளி. புளிப்பு பட்டால் தோல் இளகாது. எங்கள் வீட்டில் இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்போம். மாவாகக் குழைந்தபிறகே புளிக்கரைசல், தேங்காய் சோம்பு அரைத்த விழுது எல்லாம் குழம்பில் இறங்கும்.