முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கு என்னென்ன கல்வி உதவிகள் கிடைக்கும்? எங்கே தொடங்குவது?

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், அக்கா இப்போதுதான் பொறியியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறார், தம்பி ஒன்பதாம் வகுப்பு, யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஹவில்தாராக வெளியே வந்தவன். வேலூர் மாவட்டத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு அரிது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உதவி நிச்சயமாக இருக்கிறது. ஆனால் தேதி தவறினாலும் காகிதத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் அது வீடு வந்து சேராது.

முதலில் அக்காவைக் கவனியுங்கள், அவருக்குத்தான் அவசரம். பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்று 2006-07 முதல் நடக்கிறது. முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான, டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு இதை நடத்துகிறது. ஆண்டுக்குப் புதிதாக 5,500 பேர், அதில் சரிபாதி பெண் பிள்ளைகள். 2019-20 முதல் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாணவரின் வங்கிக் கணக்கில் விழும். பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு இருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, முதலாம் ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் வந்து "இப்போதுதான் கேள்விப்பட்டோம்" என்று சொல்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பெண், தகுதி எல்லாம் இருக்கும், ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாது. தகவல் தாமதமாகச் சேர்ந்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கிற இந்த விதி எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. இரண்டாம் ஆண்டிலாவது ஒரு வாய்ப்புத் தரலாம்.

உதவித்தொகைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, போரில் உயிர் நீத்தவர்களின் பிள்ளைகளும் துணைவியரும் முதலிடம் பெறுவார்கள். அடுத்துப் போரில் ஊனமுற்றவர்களின் குடும்பங்கள். இப்படியே இறங்கி, உங்கள் அப்பாவைப் போல இயல்பாக ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் பின்வரிசையில் வருவார்கள். அந்த வரிசைமுறை நியாயமானது. ஆனால் அதனால் உங்கள் அக்காவுக்கு மதிப்பெண்தான் கை கொடுக்க வேண்டும். கிடைத்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் தொகை தொடரும்.

இந்தத் திட்டம் பொறியியல், மருத்துவம், பி.எட்., எம்.பி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான். பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கிறவர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் உங்கள் தம்பிக்கும் உள்ளது அதே போர்டு வழங்கும் கல்வி மானியம். ஹவில்தார் மற்றும் அதற்குக் கீழ்ப்பட்ட பதவியில் ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு முடியும்வரை பெறலாம். நீண்ட காலம் மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். இதே பிள்ளைக்கு மாநில அரசிடமிருந்து உதவித்தொகை வாங்கினால் இதை வாங்கக் கூடாது. தமிழ்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையும் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆகவே எதை வாங்கினால் லாபம் என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் அந்த அலுவலகம் எங்கே என்று சொல்வார்கள். உங்கள் அப்பா அங்கே பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும். வாங்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனிப் பெயர் விஷயம். நான் பார்த்த வரையில் மிகுதியான விண்ணப்பங்கள் திரும்பி வருவது இதனால்தான். பள்ளிச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் "சு. கவிதா" என்று இருக்கும். பட்டாளத்து ஆவணத்தில் தந்தை பெயரையும் விரித்து "கவிதா சுப்பிரமணி" என்று ஏறியிருக்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கணினிக்கு அப்படி இல்லை. பிள்ளை பிறந்ததும் பெயரும் பிறந்த தேதியும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது படைவீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் பட்டாளத்து ஆணையில், வெளியாகியிருக்க வேண்டும். அவசரத்தில் விடுப்பு முடிந்து திரும்பிய அப்பாக்கள் நினைவில் இருந்த தேதியைச் சொல்லிப் பதிந்ததும் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்து வைத்து, பிள்ளைகளின் சான்றிதழ்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அப்பாவின் ரெஜிமெண்டுக்கு உரிய ரெக்கார்ட் ஆபீஸுக்கு, அதாவது பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். திருத்தம் வர மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் இன்றே பாருங்கள் என்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் எல்லையில் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்தவர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் நிலை வேறு. அப்படி உயிர் நீத்தவர்கள், காணாமல் போனவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மத்திய அரசு ஈடு செய்யும் திட்டம் 1971 போருக்குப் பிறகு வந்தது. 2017இல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டோம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எங்களுக்கெல்லாம் அது பெரிய வேதனையாக இருந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழ, 2018 மார்ச்சில் அந்த வரம்பை நீக்கினார்கள். அந்த அக்காவே முதுகலை படிக்க விரும்பினால், முன்பு சொன்ன கல்வி மானியம் கைம்பெண்களின் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கும் உண்டு. இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அலுவலகப் படியேறத் தயங்கினால் கூடவே போங்கள். கணவர் இருந்தவரை எல்லாக் காகிதமும் அவர் கையில்தான் இருந்திருக்கும், எது எந்தப் பெட்டியில் என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல ஒவ்வோர் ஊரிலும் ஆள் வேண்டும்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியக் காவல் படைகளின் வீரர்களுடைய பிள்ளைகளுக்கும் இதே பெயரில் பிரதமர் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, விண்ணப்பமே வேறு. யாராவது அந்தப் படிவத்தைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தம்பி பொறியியல் படிக்க நினைத்தால், தமிழ்நாடு அரசின் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென 150 இடங்கள் தனியாக உண்டு. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறித்து உரிய சான்றிதழை இணைத்தால்தான் அதில் சேர்ப்பார்கள். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போது ஒன்பதாம் வகுப்பில்தானே இருக்கிறான், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன், அவன் பெயரும் பிறந்த தேதியும் அப்பாவின் ஆவணத்தில் உள்ளபடியே பதிவாகும்படி வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.