தட்டை, ஸ்டாண்டு, காந்தம்: எந்த வயர்லெஸ் சார்ஜரை வாங்குவது?

எந்த வகை வயர்லெஸ் சார்ஜரை வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கான விடை, சார்ஜரைவிட உங்கள் போனைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. தட்டை, ஸ்டாண்டு, காந்தம் ஆகிய மூன்று வகையும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன: சார்ஜரிலுள்ள கம்பிச்சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்க, போனுக்குள் இருக்கும் சுருள் அதை மீண்டும் மின்சாரமாக்குகிறது. இரு சுருள்களும் நேருக்கு நேர் அமையாவிட்டால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். சார்ஜ் ஏறுவதும் மந்தமாகும்.

தட்டைச் சார்ஜரின் குறை இதுவே. இரவில் அரைத்தூக்கத்தில் போனைச் சற்றே விலக்கி வைத்துவிட்டால், காலையில் பேட்டரி ஏறியிருக்காது. ஸ்டாண்டில் போனின் அடிப்பகுதி விளிம்பில் அமர்வதால் இத்தவறு குறைவு. மேசையில் அமர்ந்து வேலை செய்வோருக்கு அது வசதி.

காந்த வகை இச்சிக்கலை ஏறக்குறைய முற்றிலும் தீர்க்கிறது. ஆப்பிள் 2020இல் ஐபோன் 12உடன் கொண்டுவந்த, போனும் சார்ஜரும் காந்தத்தால் நேராக ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் முறையை அடியொற்றி, 2023இல் 'சீ 2' என்னும் பொதுத் தரநிலை (ஆங்கிலத்தில் Qi2; பெயர் நம் காதுக்கு வேடிக்கைதான்) அறிவிக்கப்பட்டது. காந்தமில்லாத முந்தைய 'சீ' (Qi) தரநிலைச் சார்ஜரில் 7.5 வாட் மட்டுமே ஏற்கும் ஐபோன்கள், காந்தம் கொண்டவையாக இருந்தால், இதன் முதல் வடிவிலேயே 15 வாட் வரை ஏற்கின்றன. ஆகவே ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய, காந்தமுள்ள ஐபோன் (எஸ்இ, 16e ஆகியவற்றில் காந்தம் இல்லை) உங்களிடம் இருந்தால், தயங்காமல் 'சீ 2' சான்றுபெற்ற சார்ஜரையே வாங்குங்கள். காந்தமில்லாத ஆண்ட்ராய்டு போனுக்கு ஸ்டாண்டே போதும்.

பல சார்ஜர்களுடன் அடாப்டர் வருவதில்லை; பழைய 5 வாட் அடாப்டரில் செருகினால் எந்த வகையிலும் வேகம் கிடைக்காது.