கையிருப்பு எத்தனை மாதம்?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 30, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பனும் நானும் சேர்ந்து, காய்கறி மொத்த வியாபாரிகளும் கடைக்காரர்களும் ஆர்டர் எடுக்கவும் கடன் கணக்குப் பார்க்கவும் ஒரு செயலி செய்திருக்கிறோம். 20 கடைகள் பயன்படுத்துகின்றன, யாரிடமும் இன்னும் காசு வாங்கவில்லை. வங்கியில் 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. மூன்று ஊழியர் சம்பளம் 14,400, எங்கள் இருவருக்கும் 3,000, மற்ற செலவு 2,600, ஆக மாதம் 20,000. ஆறு மாதம் தாங்கும். முதலீட்டாளர்கள் இருவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறோம். ஊழியர்களிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால் ஓடிவிடுவார்கள் என்கிறான் நண்பன். அவர்களில் ஒருவர் தஞ்சாவூரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வந்தவர், சம்பளம் 6,000, வரும் தையில் அவருக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை சம்பள நாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

க.


அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கைத் திரும்பப் போடுவோம். நீங்கள் சம்பளத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், முதலாளி கட்டவேண்டிய மசேநி (மத்திய சேம நிதி) பங்கைக் காணவில்லை. தஞ்சாவூர்த் தம்பி வெளிநாட்டவர், அவருக்கு மசேநி கிடையாது. மீதி இரண்டு ஊழியர், நீங்கள் இருவர், நாலு பேர் சம்பளமும் சேர்த்து 11,400 ஆகிறது. அதில் 17 சதவீதம் என்றால் 1,938 வெள்ளி. ஆக மாதச் செலவு 21,938. அடுத்து, கம்பெனியை மூடவேண்டி வந்தால் கடைசிச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், சப்ளையர் பாக்கி எல்லாம் கொடுத்துவிட்டு மரியாதையாக மூட, இரண்டு மாதச் செலவு கையில் இருந்தாக வேண்டும். அந்த 44,000 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதி 76,000. அது மூன்றரை மாதத்துக்குத்தான் வரும்.

மானியத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம் போன்றவற்றில் நாம் முதலில் செலவு செய்துவிட்டு, அப்புறம் ரசீதோடு கேட்டுத்தான் பணம் வாங்கமுடியும். கையில் பணமில்லாதவனுக்கு அது சம்பளம் போட்டுத் தராது. முதலீட்டாளர் விஷயமும் அப்படித்தான், "ரொம்ப நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் பேசுவோம்" என்று சொன்னவர் ஒரு வெள்ளியும் தரவில்லை என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி ஊழியர்கள் விஷயம். நான் அதிகம் எழுத நினைப்பது இதைப் பற்றித்தான்.

2013இல் இங்கே ஊபி வட்டாரத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நாலாவது மாடியில் எனக்கு ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் இருந்தது, ஆறு பேர். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு ஒப்பந்தம் வந்துவிடும், அவர்களை எதற்குக் கலங்க வைப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் எங்களிடம் டெஸ்டிங் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில்தான் அவள் பிறரோடு பகிர்ந்திருந்த அறையிலிருந்து முழு வீட்டுக்கு மாறி, இரண்டு வருட வாடகை ஒப்பந்தம் போட்டு, கணவரையும் குழந்தையையும் வரவழைத்தாள். வீட்டுக்கு வாங்கிய திரைச்சீலையின் படத்தைக்கூட போனில் எனக்குக் காட்டினாள், நான் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். வேலை போனால் பாஸ் ரத்தாகும், அப்புறம் இங்கே இருக்க 30 நாள் கிடைக்கும், கணவர், குழந்தை பாஸும் அதோடு போகும். கடைசியில் நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அக்கா, ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேனே" என்றாள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், உங்கள் தஞ்சாவூர்த் தம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள். மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொன்னால் ஒருவர் காதுக்கு ஒரு கதை போகும். வங்கி இருப்பைக் காட்டுங்கள். எந்தத் தேதிவரை பார்ப்போம், அன்றைக்கு என்ன இருந்தால் தொடர்வோம், என்ன இல்லாவிட்டால் நிறுத்துவோம் என்பதைச் சொல்லுங்கள். எது நடந்தாலும் சம்பளமும் நோட்டீஸ் காலப் பணமும் தனியாக எடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள் (அந்த 44,000 இதற்குத்தான்). வேறு வேலைக்கு நேர்காணல் வந்தால் போய்வாருங்கள், நானே பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றும் சொல்லுங்கள். ஒருவர் போகலாம். போனால் போகட்டும் தம்பி, அது அவர் உரிமை. ஆனால் நிலைமை தெரிந்தபின் இருக்கிறவர்கள் வேலை செய்யும் விதமே வேறாக இருக்கும். எது உடனே வேண்டும், எது பிறகு பார்க்கலாம் என்பதை நீங்கள் சொல்லாமலே அவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

உங்கள் நண்பர் பயப்படுவது புரிகிறது. அவரோடு இதை முதலில் பேசி முடியுங்கள், ஊழியர் முன்னால் இருவரும் இரண்டு பேச்சுப் பேசக்கூடாது. அந்தப் பேச்சிலேயே கம்பெனியில் உங்கள் இருவரின் பங்கு விஷயத்தையும் எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள்: நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் பங்கு, முதல் வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டிய விஷயம் இது.

20 கடை இலவசம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. "தம்பி, சூப்பரா பண்ணியிருக்கீங்க" என்று டீ வாங்கித் தருகிறவர்களிடம் காசு கேட்க நமக்கு நா எழுவதில்லை, தெரிந்த முகங்கள் வேறு. ஆனாலும் நேரில் போய்க் கேளுங்கள். "அண்ணே, அடுத்த மாசத்திலிருந்து மாசம் 80 வெள்ளி. வேண்டாம்னா உங்க கணக்கையெல்லாம் எக்செலில் எடுத்துக் கொடுத்துடறேன்." சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், நீங்களாகவே விலையைக் குறைக்காதீர்கள். ஆறு கடை அங்கேயே பேநவ் செய்தால் (போனிலேயே பணம் அனுப்பினால்) மாதம் 480 வெள்ளிதான், உங்கள் செலவுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் முதலீட்டாளரிடம் 20 இலவசக் கடையைவிட அந்த ஆறு பேருக்குத்தான் மதிப்பு. வேண்டாம் என்கிறவரிடம் ஏன் என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவரும் தராவிட்டால்? அப்போது செயலியில்தான் கோளாறு. ஊழியரிடம் சொன்ன அந்தத் தேதிக்குள் அதைக் கண்டுபிடிக்க, நீங்கள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடிகாலையில் போய் நிற்க வேண்டியிருக்கும். நான் ஒருமுறை அங்கே கவனித்தேன், கீரைக்கட்டை உதறி உதறி ஈரமான கையோடு ஒருவர் போனைத் தொடக்கூட முடியாமல், முழங்கையால் தட்டி வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாகத்தான் ஆர்டர் அனுப்பினார். "வெண்டை ரெண்டு பெட்டி, முருங்கை ஒண்ணு, நேத்துப் பாக்கி அப்புறம்." உங்கள் செயலியில் ஒரு ஆர்டர் போட எத்தனை தடவை திரையைத் தொடவேண்டும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

வெள்ளிக்கிழமை சம்பள நாள் என்று எழுதியிருந்தீர்கள். புதன்கிழமையே ஊழியர்களிடம் பேசிவிடுங்கள். சனிக்கிழமை சந்தைக்கு நானும் வருகிறேன், விடிகாலை நாலு மணிக்கு எம்ஆர்டி ரயில் ஓடாது, உங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா