பதினாலா, ஒன்பதா?

கேள்வி: பால்டிமோரில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகன் பள்ளி லக்ராஸ் (நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) அணியில் கோல்கீப்பர். போன வாரம் 9–8 என்று தோற்றார்கள். நான் எண்ணியவரை 14 பந்தைத் தடுத்தான், ஸ்கோர் புத்தகத்தில் 9 சேவ்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேறு “பாதிக்குப் பாதி விட்டுட்டானே” என்கிறார். எதிரணியில் ஒரு பையன் போட்டது 2 கோல், அவன் பெயருக்கு நேராக 4 பாயின்ட்! இது என்ன கணக்கு?

பதில்: புத்தகம் எழுதியவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் கணக்கு சரியாகத்தான் இருக்க வேண்டும். கோல்கீப்பர் கையில் வந்த பந்தெல்லாம் சேவ் இல்லை. அவன் இல்லாவிட்டால் உள்ளே போயிருக்கும் என்ற பந்தைத் தடுத்தால் மட்டுமே சேவ். கம்பத்தில் பட்டுத் திரும்பியது, தடுப்பாட்டக்காரன் காலில் பட்டு நின்றது, வெளியே போய்க்கொண்டிருந்ததை இவன் ஸ்டிக்கை நீட்டிப் பிடித்தது எதுவும் சேராது. உங்கள் ஐந்தும் அங்கேதான் போயிருக்கும். கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கு அத்தனையும் சேவ் மாதிரிதான் தெரியும், என்ன செய்வது.

இனி சதவீதம். சேவ் எண்ணிக்கையை, சேவும் வாங்கிய கோலும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 9 சேவ், 9 கோல், ஆக 50 சதவீதம். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இது ஐஸ் ஹாக்கி இல்லை, அங்கேதான் 90 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். இங்கே ஆறடிக்கு ஆறடி கோல், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து எடையில் கெட்டி ரப்பர் பந்து, பெரிய பையன்கள் அதை மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் பத்தடி, பதினைந்தடி தூரத்திலிருந்து எறிகிறார்கள். கல்லூரி ஆட்டத்திலேயே 50-ஐத் தாண்டினால் நல்ல கீப்பர் என்பார்கள்.

ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் வாங்கினான் என்றும் பார்ப்பார்கள். பள்ளி ஆட்டம் 48 நிமிடம், அவன் 36 நிமிடம் நின்று 6 கோல் வாங்கினால், 6-ஐ 48-ஆல் பெருக்கி 36-ஆல் வகுக்க 8 வரும். ஆனால் இந்த எண்ணை நான் அவ்வளவு நம்ப மாட்டேன், முன்னால் நிற்கும் தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தால் எந்தக் கீப்பருக்கும் இது ஏறும்.

அந்த 4 பாயின்ட் பையனா? 2 கோல் போட்டு, இன்னும் 2 கோலுக்குப் பாஸ் கொடுத்திருப்பான். ஆளுக்குரிய பாயின்ட் என்பது கோலும் அசிஸ்டும் சேர்ந்தது, ஸ்கோர்போர்டில் ஒரு கோலுக்கு ஒன்றுதான். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், எறிந்தவன் கால் கோலைச் சுற்றிப் போட்டிருக்கும் கிரீஸ் வட்டத்துக்குள் இருந்தால் அந்தக் கோல் செல்லாது.

நீங்களே எழுதிப் பார்க்க ஆசையா? நோட்டில் ஒரு சதுரம் போட்டு ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். கோலை நோக்கி வந்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது வந்த கட்டத்தில் ஒரு புள்ளி, உள்ளே போனால் புள்ளியைச் சுற்றி வட்டம். தப்பாட்டத்துக்காக ஒருவனை வெளியே உட்காரவைத்து உங்கள் பையன் அணி ஆள் குறைந்து ஆடும் நேரத்தில் வந்ததென்றால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, ஏனென்றால் அந்தக் கோல்களை வைத்துப் பையனை எடை போடக் கூடாது. நாலைந்து ஆட்டம் போகட்டும், வட்டங்கள் எங்கே குவிகின்றன என்று தெரியும். ஸ்டிக் பிடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க இடுப்பு உயரத்தில் குவிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஸ்டிக்கை உடம்புக்குக் குறுக்கே சுற்றிக் கொண்டுவர வேண்டிய இடம் அது, பல கீப்பர்களுக்கும் அங்கேதான் தகராறு. நோட்டில் அந்தத் தாளை மட்டும் கோச்சிடம் காட்டுங்கள். அப்புறம், ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் பையன் முன்னால் நோட்டை நீட்ட வேண்டாம், முதலில் சாப்பிடட்டும்.