அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு கார்டு தேவையா?

கேள்வி: மும்பை தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். திருநெல்வேலியிலிருந்து வந்து என்னோடு இருக்கும் அம்மாவுக்கு (63) சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) எடுத்தால் மாதாமாதம் மாத்திரை இலவசம் என்று ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கார்டு எடுக்கக் கட்டணமே கிடையாது. அதைவிட முக்கியம், அது ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுப்பவர்களுக்கானது. வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து வரை சேரும், அவ்வளவுதான். இந்த மாதிரி ஆட்களிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அம்மாவை அருகிலுள்ள மாநகராட்சி டிஸ்பென்சரிக்கோ 'ஆப்லா தவாகானா' என்ற மாநகராட்சியின் சிறு கிளினிக்குக்கோ பழைய மருந்துச் சீட்டுடன் கூட்டிப்போங்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற சாதாரண மாத்திரைகளை இலவசமாகத் தர, ரேஷன் கார்டு மஞ்சளா வெள்ளையா (ஏழையா வசதியா) என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: தனியார் டாக்டர் இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை எழுதியிருப்பார். இங்கே அதையே தனித்தனியாகத் தருவார்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பழைய மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்வதை மட்டும் கொடுங்கள்.

'2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லாம் இலவசம்' என்று சயான் ஆஸ்பத்திரியில் போய்ச் சண்டை போட வேண்டாம். அந்த அறிவிப்பு மகாராஷ்டிர மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளுக்கு. சயான், கே.இ.எம். இரண்டும் மாநகராட்சியுடையவை. இதை ஒரு போர்டில் எழுதி வைக்கக்கூட ஆளில்லை! ஸ்டாக் இல்லையென்று வெளியே வாங்கச் சீட்டு தந்தால், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தரகர் கையில் கொடுக்காதீர்கள். கம்பெனிப் பெயரை அல்ல, மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி ஜன் ஔஷதியில் (மத்திய அரசின் மலிவு மருந்துக் கடை) வாங்குங்கள். இலவசமில்லை, ஆனால் பாதி விலைக்கும் கீழே.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது சம்பளச் சீட்டைத்தான். அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் தரும் அரசுக் காப்பீடு) என்று 135 ரூபாய் பிடித்திருக்கிறதா? 21,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தொழிலாளி அதில் வருவார். உங்களை நம்பியிருக்கும் அம்மாவும் வருவார், அவருக்கென்று மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாத வரை. ஆனால் குடும்பப் பட்டியலில் அம்மா பெயர் ஏறியிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று அவசரமாக மனைவி, பிள்ளை பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அம்மா ஊரில் இருந்தார், யாரும் கேட்கவில்லை. நாளைக்கே முதலாளியின் கணக்கரிடம் அம்மாவின் ஆதாரைக் கொடுத்துப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிடித்தமே இல்லையென்றால், பட்டறையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தும் ஏன் இல்லை என்று கேளுங்கள்.